ஸ்கோப்பில் ஒரு குறும்படம்: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் எடுக்கப் போகிறவர்களுக்கு

என் முதல் குறும்படத்தைத் தியேட்டரில் சோதனைக்காக ஓட்டிப் பார்த்த காலை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அவ்வளவு பெரிய திரையின் நடுவில் ஒரு சின்னச் செவ்வகமாகப் படம் ஓடியது. மேலும் கீழும் கறுப்பு, இடமும் வலமும் கறுப்பு. போனும் டிவியும் காட்டும் வழக்கமான 16:9 அளவில் எடுத்து, எடிட்டிங் முடிந்த பிறகு அழகுக்காகக் கறுப்புப் பட்டை போட்டு, அதையே ஸ்கோப், அதாவது சினிமா அகலத்திரை, என்று எழுதிக் கொடுத்திருந்தோம். பட்டையையும் படம் என்று எண்ணி ஸ்கோப் திரைக்குள் பொருத்தியதால் வந்த வினை. அதோடு, பட்டை போட்டதில் பல ஷாட்களில் நெற்றியும் கையும் போயிருந்தன. ஒரு நாள் மறுபடி ஷூட்டிங், மூன்று வாரம் மறுபடி எடிட்டிங் என்று போயிற்று.

அகலத்திரை என்பது கடைசியில் போடும் பட்டை அல்ல, முதல் நாள் எடுக்கும் முடிவு. அந்த முடிவிலிருந்து தியேட்டர் வரைக்கும் என்னென்ன செய்ய வேண்டும், எங்கே காசும் நாளும் வீணாகும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. கதையைப் பார்த்து விகிதத்தை முடிவு செய்யுங்கள்

சினிமாக்காரர்கள் ஸ்கோப் என்பது 2.39-க்கு 1. உயரம் ஒரு பங்கு என்றால் அகலம் 2.39 பங்கு. பழக்கத்தில் பலரும் 2.35 என்றே சொல்வார்கள். நம் போனும் கேமராவும் சாதாரணமாக எடுப்பது 16:9, அதாவது 1.78. இடையில் 1.85, 2:1 என்றும் உண்டு. 16:9-ஐ வெட்டி 2.39 ஆக்கினால் அகலம் அப்படியே இருக்கும், உயரத்தில் ஏறத்தாழ கால் பங்கு போய்விடும். முகம், கை, வானம், தரை எல்லாம் அந்தக் கால் பங்கைப் பங்கு போட்டு இழக்கப் போகின்றன.

எனவே உங்கள் கதையில் எது நிமிர்ந்து நிற்கிறது, எது படுத்துக் கிடக்கிறது என்று பாருங்கள். ஒகேனக்கல் அருவி விழுவதையும் ஒருவர் அதை அண்ணாந்து பார்ப்பதையும் நம்பிய கதைக்கு ஸ்கோப் வேண்டாம், 1.85 போதும். தென்னை, கோபுரம், கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பது எல்லாம் அப்படித்தான். மாறாக, காவேரிப்பட்டணம் பக்கத்து மாந்தோப்பில் வரிசையாக நிற்கும் மரங்கள், ராகிக் கொல்லைக்குப் பின்னால் நீளும் கரடு, டீக்கடை பெஞ்சில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் அண்ணனும் தம்பியும் இவையெல்லாம் ஸ்கோப்புக்கென்றே அமைந்தவை. நம் இரண்டு மாவட்டங்களின் நிலமே அகலமானது. மொட்டைப் பாறையும் புளியமரச் சாலையும் குறுக்கே நீண்டு கிடக்கும்போது உயரம் குறைவதே தெரியாது.

என் கதை ஒரு தோப்புக் காவலாளியையும் அவர் மகளையும் பற்றியது. இரண்டு பேரும் ஒரே ஃப்ரேமில், நடுவில் காலி இடத்தோடு இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் ஸ்கோப்பைத் தேர்ந்தேன். அப்படி ஒரு காரணம் உங்களுக்கும் இருந்தால் எடுங்கள். பெரிய படம் போல் தெரியும் என்பது மட்டும் காரணமாக இருந்தால் 16:9-இலேயே எடுப்பது நல்லது.

2. இந்த அளவுகளை எழுதி கேமரா பையில் ஒட்டுங்கள்

4கே எடுத்தால் கேமரா தருவது 3840 × 2160. அதிலிருந்து கிடைக்கும் ஸ்கோப் 3840 × 1608. மேலே 276, கீழே 276 பிக்சல் போகும். எச்டி என்றால் 1920 × 1080-இலிருந்து 1920 × 804, மேலும் கீழும் 138 வீதம் போகும். தியேட்டர் புரொஜெக்டருக்குக் கொடுக்கும் கோப்புத் தொகுப்பான டிசிபியில் 2கே ஸ்கோப் அளவு 2048 × 858. மூன்றும் ஒரே விகிதம்தான், பயப்பட வேண்டாம். உயரம் எப்போதும் இரட்டைப்படை எண்ணாக இருக்கட்டும், ஒற்றைப்படையாக வைத்தால் ஏற்றுமதியில் மென்பொருள் தகராறு செய்யும்.

முடிந்தவரை 4கேயில் எடுங்கள். மேலும் கீழும் மிஞ்சும் அந்த 276 பிக்சல்கள் எடிட்டிங்கில் பெரிய சொத்து. ஏன் என்று 7-ஆம் படியில் சொல்கிறேன்.

அனமார்பிக் லென்ஸ் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். 1.33 மடங்கு லென்ஸ், படத்தைப் பக்கவாட்டில் அமுக்கி 16:9-க்குள் பதிவு செய்கிறது. எடிட்டிங்கில் விரித்தால் 2.37 கிடைக்கும், உயரத்தில் எதுவும் வீணாகாது. ஆனால் வாடகை அதிகம், ஃபோகஸ் பிடிப்பது கடினம், மானிட்டரில் விரித்துக் காட்டும் வசதியும் வேண்டும். முதல் படத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். வெட்டி எடுக்கும் முறையே போதும்.

3. இடமும் காகிதமும்

ஷூட்டிங்குக்கு முன்பு அதிக நாள் கேட்பது இதுதான். குறைந்தது ஒரு மாதம் ஒதுக்குங்கள்.

தனியார் நிலம் எளிது. தோப்பு, வீடு, கொல்லை எதுவானாலும் உரிமையாளரிடம் ஒரு பக்கக் கடிதம் வாங்குங்கள். தேதி, நேரம், எத்தனை பேர் வருவார்கள், படத்தை எங்கும் திரையிட ஆட்சேபனை இல்லை என்பது, கையெழுத்து, போன் எண், இவ்வளவுதான். வாய்ச்சொல்லை நம்பாதீர்கள். எங்களுக்குச் சரி என்று சொன்னவர் அண்ணன், நிலம் தம்பி பெயரில். காலை ஆறரை மணிக்குத் தம்பி வந்து நின்றார். நல்ல மனிதர், டீ குடித்துப் பேசியதும் விட்டுவிட்டார். ஆனாலும் காலை வெளிச்சத்தில் ஒன்றரை மணி நேரம் போய்விட்டது.

மாந்தோப்பு என்றால் பருவத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள். பூ பூக்கும் மாதங்களில் மருந்தடிப்பார்கள். மே முதல் அறுவடை, தோப்பு முழுக்க ஆளும் லாரியும் கூடையும். காவலாளி ஒருவர் எங்களிடம், “தம்பி, மருந்தடிச்சு மூணு நாள்தான் ஆச்சு, கொம்பத் தொடாதீங்க, புள்ளயத் தூக்கி மரத்து மேல உட்கார வைக்காதீங்க” என்றார். நாங்கள் எழுதி வைத்திருந்த காட்சியே அதுதான். அன்றே காட்சியை மாற்றினோம்.

காடு என்றால் கவனம். பென்னாகரம், அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் சாலை ஓரமாகத் தெரியும் புதர்க்காடு பல இடங்களில் காப்புக்காடு. மாவட்ட வன அலுவலரிடம் எழுத்தில் அனுமதி இல்லாமல் உள்ளே முக்காலியை வைக்காதீர்கள். காவிரி வடக்கு, காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயங்களுக்குள் என்றால் விஷயம் இன்னும் மேலே போகும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். ஒரு குறும்படத்துக்கு அவ்வளவு தூரம் அலைவதைவிட, அதே போன்ற கரட்டைப் பட்டா நிலத்தில் தேடிப் பிடிப்பது புத்திசாலித்தனம். நாங்கள் அப்படித்தான் செய்தோம், பார்த்தவர்கள் எவரும் வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை.

ஒகேனக்கல்லில் இன்னொரு சிக்கல் உண்டு. ஆற்றுக்கு அக்கரை கர்நாடகம். பரிசலில் போய் எதிர்க்கரைப் பாறையில் கேமரா வைத்தால் நீங்கள் வாங்கிய தமிழ்நாட்டு அனுமதி செல்லாது. அதோடு நீர்வரத்து கூடினால் பரிசல் ஓட்டத் தடை போட்டுவிடுவார்கள், ஒரு நாள் வாடகை அப்படியே போகும். மாற்றுக் காட்சி ஒன்று கையில் இல்லாமல் அங்கே போகாதீர்கள்.

ரயில் நிலையக் காட்சி வைத்திருப்பவர்கள் முதலில் எந்த ரயில்வே என்று பாருங்கள். தருமபுரியும் ஓசூரும் தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூரு கோட்டத்தில் வருகின்றன, அதன் தலைமையகம் ஹுப்பள்ளி. மொரப்பூரும் பொம்மிடியும் தெற்கு ரயில்வேயின் சேலம் கோட்டம். சென்னைக்கு மனு அனுப்பிவிட்டுத் தருமபுரி நிலையத்துக்காகக் காத்திருந்தால் நாள்தான் போகும். ராயக்கோட்டை மலைக்கோட்டை போன்ற இடங்கள் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. அங்கே போனில் படம் எடுப்பது வேறு, முக்காலி போட்டுப் படப்பிடிப்பு நடத்துவது வேறு.

சாலையில் எடுப்பதானால் காவல் நிலையத்தில் முன்கூட்டியே கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். தேசிய நெடுஞ்சாலை 44-இல், அதுவும் தொப்பூர் கணவாயில், சாலையோரத்தில் நின்று எடுக்கவே வேண்டாம். எத்தனை விபத்து நடக்கும் இடம் அது என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எந்தக் காட்சிக்கும் ஓர் உயிர் ஈடாகாது.

குழந்தை நடிக்கிறதா? இதைப் பலரும் தவறவிடுகிறார்கள். 14 வயதுக்கு உட்பட்ட குழந்தையை நடிக்க வைக்க, படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் படிவம் ‘சி’யில் உறுதிமொழி கொடுத்து அனுமதி பெற வேண்டும். பெற்றோர் சம்மதக் கடிதமும் வேண்டும். நாளுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. கொடுக்கும் சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தையின் பெயரில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும். ஐந்து மணி நேரம் என்பதை வைத்தே எங்கள் அட்டவணையைப் போட்டோம். குழந்தையும் சோர்வில்லாமல் நடித்தது.

மாடு, ஆடு நடித்தால், படத்தைப் பொதுத் திரையிடலுக்குத் தணிக்கை செய்யும்போது இந்திய விலங்குகள் நல வாரியத்தின் சான்று கேட்பார்கள். அதற்கு எடுப்பதற்கு முன்பே விண்ணப்பித்திருக்க வேண்டும். எடுத்த பிறகு ஓடினால் வழி கிடையாது. இணையத்தில் மட்டும் வெளியிடுவதானால் தணிக்கைச் சான்று தேவைப்படாது.

டிரோன் ஷாட் ஆசை இருந்தால் விமானப் போக்குவரத்துத் துறையின் டிஜிட்டல் ஸ்கை இணைய வரைபடத்தில் அந்த இடம் பச்சையா, மஞ்சளா, சிவப்பா என்று முதலில் பாருங்கள். பச்சை மண்டலத்திலும் 400 அடிக்கு மேல் போகக் கூடாது. கிருஷ்ணகிரி அணை மேல் பறக்கவிடும் எண்ணமே வேண்டாம். என் கருத்தைக் கேட்டால், ஸ்கோப் குறும்படத்துக்கு டிரோனை விட ஒரு பாறை மேல் ஏறி நின்று எடுக்கும் ஷாட் அழகு.

4. கேமரா வாடகை

சேலத்திலும் பெங்களூரிலும் கிடைக்கும். கிருஷ்ணகிரி, ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூரு பக்கம், தருமபுரிக்காரர்களுக்குச் சேலம். பெங்களூரில் பொருள் அதிகம், ஆனால் வெளியூர் ஆட்களிடம் முன்பணம் அதிகமாகக் கேட்கிறார்கள். ஆதார் நகல், இன்னொரு அடையாள அட்டை, உள்ளூரில் ஒருவரின் உத்தரவாதம், இம்மூன்றும் இல்லாமல் போகாதீர்கள். வாடகை நாள் என்றால் 24 மணி நேரமா, இல்லை காலை முதல் மாலை வரையா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். நாங்கள் கேட்காததால் ஒரு கடையில் கூடுதலாக ஒரு நாள் வாடகை கட்டினோம். பில்லைக் கூடவே வைத்திருங்கள். தேர்தல் நேரத்தில் சோதனைச் சாவடிகளில் வண்டியை நிறுத்திப் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள்.

கடையிலேயே கேமராவை ஆன் செய்து, வானத்தை நோக்கி ஒரு நிமிடம் எடுத்து, சென்சாரில் தூசி இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்கோப்பில் வானம் ஒரு நீண்ட பட்டையாக வரும், ஒரு புள்ளி இருந்தாலும் படம் முழுக்க தெரியும். 24, 35, 50 மி.மீ. என மூன்று லென்ஸ் போதும். வெளிப்புறத்துக்கு, லென்ஸுக்குள் வரும் வெளிச்சத்தை வேண்டிய அளவு குறைக்கும் என்டி ஃபில்டர் கட்டாயம். அது இல்லாமல் நம் ஊர் வெயிலில் ஷட்டரை 1/50 நொடியில் வைக்கவே முடியாது.

வாடகைக்குக் காசில்லை என்றால் நல்ல போனே போதும். பிளாக்மேஜிக் கேமரா செயலி இலவசம், அதில் 2.39 வழிகாட்டிக் கோடும் இருக்கிறது.

5. மானிட்டரில் கோடு போடாமல் ஒரு ஷாட்டும் எடுக்காதீர்கள்

பெரும்பாலான கேமராக்களில் ஃப்ரேம் கைடு அல்லது ஆஸ்பெக்ட் மார்க்கர் என்று ஒரு வசதி இருக்கும். 2.39 இல்லையென்றால் 2.35 வையுங்கள், பெரிய வித்தியாசம் இல்லை. இது கோட்டை மட்டுமே காட்டும், பதிவாவது முழு 16:9 தான். எனவே பயமில்லாமல் போட்டு வையுங்கள்.

ஆனால் கோடு மட்டும் போதாது. மெல்லிய கோட்டுக்கு வெளியேயும் படம் தெரிந்துகொண்டே இருப்பதால் கண் அதையும் சேர்த்துப் பார்த்து ஏமாந்துவிடும். நாங்கள் இரண்டாம் முறை எடுத்தபோது மானிட்டரின் மேலும் கீழும் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டிவிட்டோம். 20 ரூபாய் டேப். அதன் பிறகு ஒரு தலைகூட வெட்டுப்படவில்லை. வாடகை மானிட்டர் என்றால் ஓரச் சட்டத்தில் தொடங்கி ஒட்டுங்கள், பசை திரையில் படிந்தால் பணம் கேட்பார்கள்.

செட்டிங்கில் முக்கியம் இரண்டு. தியேட்டருக்குப் போகும் எண்ணம் இருந்தால் நொடிக்கு 24 ஃப்ரேம். ஷட்டர் 1/50. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 முறை மினுக்கும். போன்கள் தாமாகவே 30 ஃப்ரேம், 1/60 என்று வைத்துக்கொண்டு, டியூப்லைட்டுக்குக் கீழே வரி வரியாக ஓடும் படத்தைத் தரும். இதை எந்த மென்பொருளாலும் முழுதாகச் சரி செய்ய முடியாது. மலிவான எல்இடி பல்புகள் 1/50-லும் சில நேரம் மினுக்கும். எனவே இடம் பார்க்கப் போகும்போதே ஒரு நிமிடம் எடுத்துப் பாருங்கள்.

6. ஃப்ரேம் வைப்பது

தலைக்கு மேல் இடம் விடும் பழக்கத்தை மறந்துவிடுங்கள். ஸ்கோப் க்ளோசப்பில் நெற்றியின் மேல் பகுதி வெட்டுப்படலாம், தப்பில்லை. ஆனால் தாடை வெட்டுப்படக் கூடாது. கண்கள் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் இருந்தால் பெரும்பாலும் சரியாக வரும்.

கை வேலையும் முகமும் ஒரே ஷாட்டில் வேண்டுமென்றால் இரண்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டு வர வேண்டும். களி கிண்டும் காட்சியில் இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். அத்தை நின்றபடி துடுப்பைப் பிடித்துக் கிண்டினார். முகம் வந்தால் பானை வரவில்லை, பானை வந்தால் முகம் இல்லை. மறுபடி எடுத்தபோது பானையைத் தரையில் வைத்து அவரைக் குனிய வைத்து, பக்கவாட்டில் தாழ்வாகக் கேமராவை வைத்தோம். முகம் இடது பக்கம், பானை வலது பக்கம், நடுவில் ஆவி. உயரத்தில் அடுக்க முடியாததைக் குறுக்கே அடுக்குங்கள். ஸ்கோப்பின் முக்கால்வாசி வேலை அதுதான்.

அகலம் செலவு வைக்கும். முகத்துக்கு இரண்டு பக்கமும் இவ்வளவு இடம் தெரியும்போது அங்கே நிற்கும் பைக், பிளாஸ்டிக் குடம், கட்சி ஃப்ளெக்ஸ், செல்போன் கோபுரம் எல்லாம் சேர்ந்து வரும். 16:9-இல் சற்று நெருங்கிப் போய்த் தப்பித்துவிடலாம். இங்கே முடியாது. ஒவ்வோர் ஷாட்டுக்கும் முன் கோட்டின் இரண்டு ஓரங்களையும் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த வேலைக்கென்றே ஓர் ஆளை வையுங்கள். நல்ல பக்கமும் உண்டு. மேலே வெட்டுப்படும் இடத்துக்குள் நீண்ட கழியில் கட்டிய பூம் மைக்கை இறக்கலாம், சத்தம் தெளிவாகக் கிடைக்கும். அடுத்த படியில் சொல்லும் நகர்த்தலுக்கு மட்டும் கொஞ்சம் இடம் விட்டுவிடுங்கள்.

அடிவானம் அரை டிகிரி சாய்ந்தாலும் ஸ்கோப்பில் கண்ணை உறுத்தும். முக்காலியில் உள்ள நீர்க்குமிழியைப் பாருங்கள். கேமராவைப் பக்கவாட்டில் திருப்பும்போது மிக மெதுவாகத் திருப்புங்கள். 24 ஃப்ரேமில் ஒரு மரம் திரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக 7 நொடியாவது ஆக வேண்டும், இல்லையென்றால் துடிக்கும். கரட்டு வரிசையை வேகமாகத் திருப்பி எடுத்த எங்கள் மூன்று ஷாட்டும் குப்பைக்குப் போயின.

வெளிப்புறத்தைக் காலை 6 முதல் 8.30, மாலை 4.30 முதல் 6 என்று போடுங்கள். நடுவில் வீட்டுக்குள் எடுங்கள். பத்துக்குப் பத்து அறையில் ஸ்கோப் எடுக்க, கேமரா மூலையில் சுவரோடு ஒட்டி இருக்கட்டும். நடிகர்கள் எதிர் மூலையில்.

அன்றன்றைய பதிவை அன்றிரவே இரண்டு தனித்தனி வட்டுகளில் நகலெடுங்கள். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் 4கே எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. எங்கள் 14 நிமிடப் படத்துக்கு ஏழு மணி நேரப் பதிவு, 300 ஜிபிக்கு மேல். கார்டை அழிப்பதற்கு முன் நகலைத் திறந்து ஓட்டிப் பாருங்கள்.

7. எடிட்டிங்

டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பு போதும். அதில் 3840 × 2160-க்கு மேல் வெளியே எடுக்க முடியாது, நமக்கு வேண்டியதும் அதற்குள்தான்.

எந்த ஒரு கிளிப்பையும் இழுத்து வைக்கும் முன் புராஜெக்ட் செட்டிங்ஸ் திறந்து, டைம்லைன் (கிளிப்புகளை அடுக்கும் இடம்) ரெசல்யூஷனைக் கஸ்டம் ஆக்கி 3840, 1608 என்று போடுங்கள். ஃப்ரேம் ரேட் 24. இதை முதலில் போடாமல் கிளிப் சேர்த்துவிட்டால் அந்தப் புராஜெக்டில் ஃப்ரேம் ரேட்டை மாற்ற விடாது.

இப்போது கிளிப்பை வைத்தால் இடமும் வலமும் கறுப்பாகத் தெரியும். உயரத்துக்குள் முழுப் படத்தையும் அடைத்துவிட்டது என்று பொருள். இமேஜ் ஸ்கேலிங் பகுதியில், அளவு பொருந்தாத கோப்புகளுக்கு என்று ஓர் தேர்வு இருக்கும். அதை ‘ஸ்கேல் ஃபுல் ஃப்ரேம் வித் கிராப்’ என்று மாற்றுங்கள். படம் அகலத்தை நிரப்பும், மேலும் கீழும் வெட்டுப்படும். பலர் இந்தத் தேர்வைத் தெரியாமல் ஒவ்வொரு கிளிப்பையும் கையால் பெரிதாக்கிக்கொண்டு இருக்கிறார்கள். நானும் 212 கிளிப்பை அப்படித்தான் செய்தேன், ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவாகப் போயிற்று.

அந்த 276 பிக்சல் இங்கேதான் கைகொடுக்கும். ஒரு ஷாட்டில் தலை நெருக்கமாக இருந்தால் ரிசால்வின் இன்ஸ்பெக்டர் பலகத்தில் பொசிஷன் ‘ஒய்’ மதிப்பை மாற்றிப் படத்தைக் கீழே இறக்கலாம். தரம் குறையாது. கேமரா ஆடாத ஷாட்டில் நடிகர் உட்காருவதற்கு ஏற்றபடி மெதுவாக நகர்த்தவும் செய்யலாம். பக்கவாட்டில் மட்டும் நகர்த்த இடமில்லை, அதற்குப் படத்தைப் பெரிதாக்க வேண்டி வரும்.

அவுட்புட் பிளாங்கிங் என்று டைம்லைன் மெனுவில் ஒரு வசதி உண்டு, 2.39 என்று தேர்ந்தால் 16:9 டைம்லைனில் கறுப்புப் பட்டை போட்டுக் காட்டும். வெட்டிப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று சோதிக்க நல்லது. ஆனால் கடைசி மாஸ்டர் கோப்பை அதில் எடுத்தால் பட்டையும் படத்தின் பகுதியாகிவிடும். நான் முதலில் சொன்ன நான்கு பக்கக் கறுப்பு அதனால் வந்ததுதான்.

வெட்டும் வேகத்தைப் பற்றி ஒன்று. அகலமான ஷாட்டில் பார்ப்பவரின் கண் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பயணம் செய்ய நேரம் வேண்டும். லேப்டாப்பின் சின்னச் சட்டத்தில் ‘இது நீளம்’ என்று தோன்றுவது பெரிய திரையில் சரியாக இருக்கும். முந்தைய ஷாட்டில் கண் வலது ஓரத்தில் இருக்கும்போது அடுத்த ஷாட்டின் முக்கிய விஷயத்தை இடது ஓரத்தில் வைத்தால் ஒரு கணம் தவறிப்போகும். வாரம் ஒரு முறை வீட்டு டிவியில் போட்டு, எட்டடி தள்ளி உட்கார்ந்து பாருங்கள்.

சப்டைட்டிலைப் படத்துக்குள்ளேயே வையுங்கள். கறுப்புப் பட்டையில் எழுதினால், பட்டையை வெட்டும் நாளில் எழுத்தும் போகும். டீக்கடைக் காட்சியின் பின்னால் ரேடியோவில் சினிமாப் பாட்டு கேட்கிறதா என்றும் பாருங்கள். அது பதிவாகியிருந்தால் யூடியூபில் உரிமை கோரல் வரும், படத்தை முடக்கவும் செய்யலாம்.

8. செலவும் நாளும்

எங்கள் கணக்கு இது. கேமராவும் லென்ஸும் மூன்று நாளுக்கு 9,000 ரூபாய். மானிட்டர், முக்காலி, ஃபில்டர் 3,000. ஒலிப்பதிவுக் கருவியும் பூமும் 3,600. ஒன்பது பேருக்குச் சாப்பாடு, டீ 7,500. வண்டி 4,500. தோப்புக்காரருக்கு 2,000. இரண்டு வட்டு 9,000. தியேட்டர் சோதனை 2,000. மொத்தம் 40,600. நண்பர்களே நடித்தார்கள், குழந்தைக்குக் கொடுத்தது என் கைக்காசு, அதை இதில் சேர்க்கவில்லை. ஃப்ரேம் கோடு போடாததால் மறுபடி எடுத்த ஒரு நாளுக்கு மட்டும் தனியாக 11,000 ஆயிற்று. உங்கள் விலைகள் மாறும், எந்தத் தலைப்பில் பணம் போகும் என்பது மாறாது.

காகிதத்துக்கு ஒரு மாதம், ஷூட்டிங் மூன்று நாள், எடிட்டிங் ஆறு வாரம், ஒலி இரண்டு வாரம். திரைப்பட விழாவுக்கு அனுப்பும் கடைசித் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.

9. வெளியே எடுப்பது

யூடியூபுக்கு 3840 × 1608-ஐ அப்படியே, பட்டை இல்லாமல் எச்.264 வீடியோ வடிவில், நொடிக்கு 45 மெகாபிட் வேகத்தில் எடுத்து ஏற்றுங்கள். டிவியில் பார்த்தால் பட்டையைப் பிளேயரே போட்டுக்கொள்ளும். இப்போதைய போன்களின் திரை 20:9 அளவில் நீளமாக இருப்பதால் ஸ்கோப் படம் அதில் ஏறக்குறைய முழுத் திரையையும் நிரப்பும். பட்டையோடு ஏற்றினால் போனில் சுற்றிலும் கறுப்போடு சின்னதாகத் தெரியும்.

தியேட்டருக்கு டிசிபி வேண்டும். டிசிபி-ஓ-மேட்டிக் என்ற இலவச மென்பொருள் செய்து கொடுக்கும். கன்டெய்னர் ‘ஸ்கோப்’, 2கே, 24 ஃப்ரேம் என்று வையுங்கள். பட்டையோடு எடுத்த கோப்பு மட்டுமே கையில் இருந்தால், மேலும் கீழும் எத்தனை பிக்சல் வெட்ட வேண்டும் என்று அதிலேயே கொடுக்கலாம். எங்கள் லேப்டாப்பில் ஓர் இரவு முழுக்க ஓடியது. பென்டிரைவ் ஃபேட்32 வடிவில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது. எந்த வடிவில் வட்டு கொண்டு வர வேண்டும் என்று தியேட்டர் ஆபரேட்டர் அண்ணனிடமே முதலில் கேட்டுவிடுங்கள்.

சோதனைத் திரையிடலைக் காலைக் காட்சிக்கு முன் கேளுங்கள், ஒரு மணி நேரம் கொடுப்பார்கள். போகும்போது படத்தின் தொடக்கத்தில் 10 நொடிக்கு ஒரு சோதனை ஃப்ரேம் வைத்துக்கொண்டு போங்கள்: கறுப்புப் பின்னணியில், நான்கு ஓரங்களையும் தொடும்படி ஒரு வெள்ளைக் கட்டம். நான்கு கோடும் திரையின் நான்கு ஓரங்களில் முழுதாகத் தெரிந்தால் படத்தை ஓட்டச் சொல்லுங்கள். ஒரு கோடு காணாமல் போயிருந்தாலோ, கோட்டுக்கு வெளியே கறுப்பு மிஞ்சினாலோ, முதலில் ஆபரேட்டர் அண்ணனிடம் புரொஜெக்டர் ஸ்கோப்பில் இருக்கிறதா, ஃப்ளாட்டில் (1.85 விகிதம்) இருக்கிறதா என்று கேளுங்கள். அது சரியாக இருந்தால் குறை உங்கள் கோப்பில். அங்கேயே எழுதிக்கொண்டு வந்து அன்றிரவே மறுபடி டிசிபி போடுங்கள். திரைப்பட விழாவுக்கு அனுப்பும் நகலில் அந்தக் கட்டத்தை எடுத்துவிட மறக்காதீர்கள்.